டீச்சர் ‘கட்’ சொன்ன பிறகு

புவியியல் டீச்சருக்குக் கேமராவைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அதையேதான் தலைமை ஆசிரியரிடம் கேட்டாள்.

“மழை, மண்ணு, மலைன்னு நடத்திக்கிட்டு இருக்கிறவளை எதுக்கு சார் மீடியா கிளப்புல கோத்து விடுறீங்க?”

“அந்தப் பீரியடுல வேற யாரும் ஃப்ரீயா இல்லையே டீச்சர்” என்றார் அவர்.

அவ்வளவுதான் தகுதி. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தின் ஒரே கேமரா அவள் பீரோவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கேமராவா அது? பக்கவாட்டில் திறக்கும் சின்னத் திரையில் ஒரு விரிசல். பேட்டரி ஒன்றே ஒன்று, அதுவும் மூச்சு வாங்கும். கூடவே ஒயரில்லாமல் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் ஒன்று. இதை வைத்துக்கொண்டு உலகத்தையே படம் பிடிக்கப் போவதாகச் சொல்லித் திரியும் ஒரு பிள்ளைப் பட்டாளம். சொன்னால் கேட்கிற பட்டாளமா என்றால், அதுவும் இல்லை.

டீச்சரின் குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். எதையும் மூன்று தடவை சொல்வாள். முதல் இரண்டு தடவையும் எவன் காதிலும் ஏறாது என்பது அவளுடைய அனுபவம். வீட்டிலும் அப்படித்தான். கணவர் மூன்றாவது தடவைக்குத்தான் “என்னம்மா?” என்று நிமிர்வார். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வந்த வேகத்தில் போயும் விடும். போன பிறகு, திட்டு வாங்கின பிள்ளையையே கூப்பிட்டு, “சாப்பிட்டியாடா?” என்பாள். அதனால் யாருக்கும் அவளிடம் பயமும் கிடையாது. அந்த எரிச்சல் அவளுக்குத் தனி.

அந்தப் பட்டாளத்தில் அவள் பெற்ற மகளும் ஒருத்தி. பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைந்துவிட்டால் அம்மாவை “மிஸ்” என்றுதான் கூப்பிடுவாள். மற்ற பிள்ளைகளுக்குக் கேமரா விளையாட்டு. இவளுக்கு அதுதான் எல்லாம். தொலைதூர நகரம் ஒன்றில் படமெடுக்கக் கற்றுக்கொடுக்கும் கல்லூரி இருக்கிறதாம். ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டுமாம். சேர வேண்டுமென்றால் சொந்தமாக எடுத்த ஐந்து நிமிஷப் படம் ஒன்றை அனுப்ப வேண்டும், அதைப் பார்த்துத்தான் எடுப்பார்களாம். இந்த ‘ஆம்’களைக் கேட்டுக் கேட்டு டீச்சருக்குக் காது புளித்துப் போயிருந்தது.

“இங்க இல்லாத காலேஜா? பக்கத்துலயே ஏதாவது படியேன்” என்பாள் டீச்சர்.

“இங்க இந்தப் படிப்பு இல்லம்மா.”

“இல்லேன்னா அந்தப் படிப்பே வேணாம்.”

ஒரு மாதமாக வீட்டில் இதே பாட்டுத்தான். இருவரும் நியாயம் கேட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தால், அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். வேறு என்ன செய்வார், பாவம். மூத்தவன் இப்படித்தான் படிக்கப் போனான். போன இடத்திலேயே வேலை, அங்கேயே வீடு. இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் மட்டும் வருகிறது. அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

கடைசியில் டீச்சர் ஒருநாள் இறங்கி வந்தாள். “சரி. கிளப்புல நியூஸ் சேனலுக்குக் கூட்டிட்டுப் போறோம்ல? அங்க எடுக்கிறதை வெச்சு உன் படத்தைப் பண்ணு. அனுப்பு. கிடைச்சா பாக்கலாம்.”

மகள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதே சாயங்காலம் டீச்சர் மொட்டை மாடிக்குப் போய்த் தன் கல்லூரித் தோழிக்குப் போன் போட்டாள். தோழி அந்த நியூஸ் சேனலில்தான் செய்தி ஆசிரியை. “என் பொண்ணு வர்றா. இந்த வேலை எவ்வளவு கஷ்டம்னு நாலு வார்த்தை எடுத்துச் சொல்லுடி. பயந்து அவளே வேணாம்னு சொல்ற மாதிரி இருக்கணும்” என்றாள். பெற்ற பிள்ளையிடம் இப்படியா என்று கேட்காதீர்கள். அவள் செய்தாள், அவ்வளவுதான்.

தலைமை ஆசிரியர் தேதியைத் தள்ளினார், பிறகு மறுபடியும் மறுபடியும் தள்ளினார். வேன் கிடைக்கவில்லை, பரீட்சை, யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று தடவைக்கொரு சாக்கு. ஒருவழியாகக் கிளம்பிய நாளுக்கு மறுநாள்தான் கல்லூரிக்குப் படம் அனுப்பக் கடைசி நாள்.

வேனில் ஏறியதுமே டீச்சருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்ற ஆரம்பித்தது. “ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாதே. நீட்டாதேன்னு சொன்னேன். நீட்டாதேடா!” கேமரா ஏணியின் மடியில் இருந்தது. ஏணி என்றால் கிளப்பிலேயே உயரமான பையன். கேமராவைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“எல்லாரும் கேளுங்க” என்றாள் டீச்சர். “பேட்டரி ஒண்ணுதான் இருக்கு. கண்டதையும் எடுத்துத் தீர்த்துடாதீங்க. நான் ‘ஸ்டார்ட்’ சொன்னா ஏணி பட்டனை அமுக்கணும். ‘கட்’ சொன்னா மறுபடி அமுக்கணும். நான் சொல்லாம ஒருத்தனும் அதுல விரல் வைக்கக் கூடாது.”

“சரி மிஸ்” என்றான் ஏணி.

மகள் ஒரு கறுப்பு டேப்பைக் கிழித்துக் கேமராவின் முன்பக்கச் சிவப்பு விளக்கின் மேல் ஒட்டினாள். பதிவாகும்போது எரியும் விளக்கு அது. “இது எரிஞ்சா எல்லாரும் இதையே பார்ப்பாங்க மிஸ். முகம் விறைச்சுப் போயிடும். மறைச்சுட்டா இயல்பா இருப்பாங்க” என்றாள். எங்கேயோ பார்த்துக் கற்றுக்கொண்டது. டீச்சருக்கு அது ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தோன்றியது. அந்த நினைப்பே அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது. அந்த எரிச்சலில், “மறுபடி கையை நீட்டுறியா? நீட்டாதேன்னு சொன்னேன்!” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

பதிவாகிறதா இல்லையா என்று பக்கத்துத் திரையிலும் ஒரு சிவப்புப் புள்ளி காட்டும். ஆனால் அது வருகிற மூலையில்தான் விரிசல். அந்த இடம் முழுக்க மை கொட்டினதுபோல் கறுப்பாகிக் கிடந்தது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

நியூஸ் சேனலில் நுழைந்ததும் ஆளுக்கொரு விருந்தினர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். உள்ளே ஏசி எலும்பைத் துளைத்தது. சுவர் முழுக்க டிவிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார். மேஜைகளில் கம்ப்யூட்டர், ஆறிப்போன டீ, பாதி தின்ற பன். ஒருவர் இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு இரண்டிலும் “ஆமா, ஆமா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஒரு குரல் “ரெண்டு நிமிஷம்!” என்று அலற, நாலைந்து பேர் நாலைந்து திசையில் ஓடினார்கள்.

“பாத்தியா, எல்லாரும் எப்படி அலையிறாங்கன்னு?” என்று டீச்சர் மகளிடம் கிசுகிசுத்தாள்.

“சூப்பரா இருக்குல்ல மிஸ்?” என்றாள் மகள். கண் இரண்டும் மின்னின.

டீச்சர் கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டாள்.

முதலில் டீச்சரே தொடக்க உரை பேசினாள். பிள்ளைகளில் யாரைப் பேசச் சொன்னாலும் இளித்துத் தொலைத்தார்கள். அதனால் மைக்கைத் தன் காலரில் குத்திக்கொண்டு, “ஸ்டார்ட்!” என்று தானே சொல்லி, பேசி முடித்து, “கட்!” என்றும் தானே சொன்னாள். அதற்குள் ஒருத்தி செய்தி வாசிப்பவரின் மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, “மிஸ், மேல கோட்டு, கீழ ரப்பர் செருப்பு!” என்று கூவினாள். மொத்தப் பட்டாளமும் அங்கே பாய்ந்தது. அவர்களை இழுத்துப் பிடித்து நிறுத்துவதற்குள் டீச்சருக்குப் பிராணன் போய்விட்டது. காலரிலிருந்த மைக்கை அட்டை மறைத்துக்கொண்டது. அவள் அதை மறந்தே போனாள்.

அப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. ஸ்டார்ட், செய்தி வாசிப்பவர் ஒரு செய்தியை வாசித்தார், கட். ஸ்டார்ட், அடியில் ஓடும் எழுத்துகளைத் தட்டச்சு செய்பவர் தன் வேலையை விளக்கினார், கட். நடுநடுவே, “அந்த ஒயரை மிதிக்காதே! நாற்காலியில சுத்தாதே! இது உங்க அப்பா வீட்டு ஊஞ்சலா?” மகள் கேமராவுக்குப் பின்னால் நின்று, ஏணியை இந்தப் பக்கம் நகர்த்தி, அந்த விளக்கை அணைக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் பொறுமையாக எடுத்தாள். அந்தப் பொறுமை யாரிடமிருந்து வந்தது என்று டீச்சருக்கு விளங்கவில்லை. நிச்சயமாகத் தன்னிடமிருந்து இல்லை.

கடைசியாகத் தோழியின் பேட்டி. பயமுறுத்தச் சொன்ன தோழி என்ன செய்தாள் தெரியுமா? திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “அட, ஃப்ரேம் அழகா வெச்சிருக்கியேம்மா. யார்கிட்ட கத்துக்கிட்டே?” என்றாள். மகளின் முகம் பூரித்துப்போனது. டீச்சர் தோழியை முறைத்தாள். பேட்டி முடிந்து “கட்!” சொன்ன மறு நிமிஷம், பிள்ளைகள் டீ குடிக்க ஓட, தோழியின் கையைப் பிடித்துக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கேமரா நின்ற இடத்தில் நின்றது.

அரை மணி கழித்துத் தோழி, “வாங்க, நீங்க எடுத்ததைப் பெரிய திரையில பாக்கலாம்” என்று எல்லோரையும் எடிட்டிங் அறைக்குக் கூட்டிப் போனாள். இருட்டான சின்ன அறை. கழுத்தில் ஹெட்போனோடு ஒரு எடிட்டர் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் தொற்றிக்கொண்டு நின்றார்கள்.

முதல் காட்சியில் ஏணியின் கால்சட்டை வந்தது. அப்புறம் வேனின் கூரை. ரொம்ப நேரம் வேனின் கூரை. பின்னணியில் டீச்சரின் குரல், “நீட்டாதேன்னு சொன்னேன்!” எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த காட்சியில் ரப்பர் செருப்பை நோக்கிப் பாயும் கூட்டமும், “ஐயோ, என் மானத்தை வாங்காதீங்கடா” என்று தலையில் அடித்துக்கொள்ளும் டீச்சரும் வந்தார்கள். அடுத்தது ஒயர். அடுத்தது ஊஞ்சல். செய்தி வாசிப்பவர் எங்கே? தட்டச்சு செய்பவர் எங்கே? தொடக்க உரை எங்கே?

“தலைகீழாப் போயிருக்கு” என்றார் எடிட்டர். “வேன்லயே பட்டன் அமுங்கியிருக்கு. அப்புறம் நீங்க ஸ்டார்ட் சொன்னப்பல்லாம் நின்னிருக்கு, கட் சொன்னப்பல்லாம் ஓடியிருக்கு.”

ஏணியின் முகத்தில் ஈயாடவில்லை. “நான் சும்மா பிடிச்சுக்கிட்டுத்தான் மிஸ் இருந்தேன்” என்றான் அழாத குறையாக.

மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கடைசி நாள். கையில் படம் இல்லை. டீச்சருக்கு அது புரிந்தது. புரிந்த அந்த நொடியில் அவள் நெஞ்சில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. அப்பாடா, முடிந்தது, இனி இவள் எங்கேயும் போக மாட்டாள். அடுத்த நொடியே அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. சீ, நானெல்லாம் ஒரு தாயா என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் கடைசிக் காட்சி ஓட ஆரம்பித்திருந்தது. யாருமில்லாத நாற்காலி. அதற்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கும் பின்னால், சின்னதாக, இரண்டு பெண்கள். உருவம்தான் சின்னது. சத்தம் காதோரம் பேசுவதுபோல் கேட்டது.

“ஏன்டி, நான் போன்ல சொன்னது என்ன, நீ பண்றது என்ன? பயமுறுத்துன்னா பாராட்டுறியே!”

டீச்சரின் கை தன்னையறியாமல் காலருக்குப் போனது. மைக் அங்கேயே இருந்தது.

“கட்!” என்று அலறினாள். “கட்! நிறுத்துங்க சார்!”

எடிட்டர் பட்டன் மேல் விரலை வைத்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். விரலை எடுத்துவிட்டார்.

திரையில் தோழி சொன்னாள், “நல்லா எடுத்தா நல்லா எடுக்கிறான்னுதானே சொல்ல முடியும்?”

“ராப்பகல் தெரியாத வேலை, கண்ணு போயிடும், கல்யாணம் ஆகாதுன்னு ஏதாவது சொல்லேன்டி.”

“எனக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க இருக்கு. கண்ணாடிகூட போடல. உனக்கு என்னதான்டி பிரச்சினை? பொண்ணு நல்லா வருவா.”

“அதான்டி பிரச்சினை!” கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்ன உருவம் கையை உதறியது. “மட்டமா எடுத்தான்னா நானே கொண்டுபோய் விட்டிருப்பேன். ரெண்டு மாசத்துல பெட்டியைத் தூக்கிட்டுத் திரும்பி வந்துடுவா. இவ நல்லா எடுக்கிறா. நல்லா எடுக்கிறவளை எவன் திருப்பி அனுப்புவான்? மூத்தவனும் அப்படித்தானே போனான். இவளும் போயிட்டா நான் அந்த வீட்டுல யாரைத் திட்டுவேன்? ரெண்டு தட்டு வெச்சுக்கிட்டு, அவர் பேப்பரைப் பாக்க நான் சுவரைப் பாக்கணுமா?”

அப்புறம் சின்ன உருவம் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. காட்சி முடிந்தது.

பிள்ளைகள் டீச்சரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

“ஆடியோ நல்லா வந்திருக்கு மிஸ்” என்றாள் மகள். குரலில் எதுவும் இல்லை.

டீச்சர் வெளியே வந்து, நடைபாதையில் தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். திட்டினாலாவது பரவாயில்லை என்று இருந்தது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். ஆடியோ நல்லா வந்திருக்காம்! தோழி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “பிள்ளைங்களுக்கு பன் வாங்கித் தரச் சொல்லியிருக்கேன். உன் பொண்ணு எடிட்டர்கூட உக்காந்திருக்கா. விடு” என்றாள். டீச்சர் விட்டாள். பிடித்துக்கொள்ள என்ன இருந்தது?

வெகுநேரம் கழித்து மகள் வந்தாள். ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் கேமரா. லேப்டாப்பை அம்மாவின் மடியில் வைத்து ஓட விட்டாள்.

ஐந்து நிமிஷம். ஒரு டீச்சர் ஒரு நியூஸ்ரூமைப் படம் பிடிக்கப் போகிறாள். படம் மட்டும் கடைசிவரை வரவில்லை. அவள் கத்துவது மட்டும் வருகிறது. வேன் கூரைக்குக் கீழே கத்துகிறாள், செருப்பைப் பார்த்துக் கத்துகிறாள், ஒயரைப் பார்த்துக் கத்துகிறாள். தன்னை மீறி டீச்சருக்கே சிரிப்பு வந்தது. கடைசியில் அந்த நாற்காலி வந்தது, அந்தக் கண்ணாடி வந்தது. சிரிப்பு நின்றது.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். அதை ஒப்புக்கொள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. “அந்தக் கடைசியை மட்டும் வெட்டிடேன்.”

“வெட்டினா இது படமே இல்ல. உங்களைக் கிண்டல் பண்ற வீடியோ. அதை நான் அனுப்ப மாட்டேன்.”

“அப்ப?”

“இதை அப்படியே அனுப்பணும்னா, இதுல இருக்கிறவங்க சம்மதிக்கிறாங்கன்னு அவங்களே சொல்ற மாதிரி எடுத்துச் சேர்க்கணும். காலேஜோட விதி. ஆன்ட்டியும் பசங்களும் சொல்லிட்டாங்க. நீங்க வேணாம்னா சொல்லுங்க, இங்கேயே அழிச்சுடறேன். வேற எதுவும் இனிமே எடுக்க முடியாது.” மகள் கேமராவைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். “நான் சத்தியமா சண்டை போட மாட்டேன்.”

ஒரு வார்த்தை. வேண்டாம் என்றால் தீர்ந்தது. பெண் வீட்டிலேயே இருப்பாள், பக்கத்துக் காலேஜுக்குப் போவாள், சாயங்காலம் திரும்பி வருவாள். டீச்சர் மகளைப் பார்த்தாள். தலை கலைந்து, விரல் நுனியெல்லாம் அழுக்காகி, பன் கூடத் தின்னாமல் நின்றுகொண்டிருந்தாள்.

“அனுப்பித் தொலை” என்றாள் டீச்சர்.

“அப்படிச் சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. முழுசாச் சொல்லணும்.” மகள் கேமராவை அம்மாவுக்கு எதிரே பிடித்துப் பட்டனை அமுக்கினாள். “ம், சொல்லுங்க.”

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள். “இப்படத்தில் இடம்பெற்றுள்ள நான்...” என்று பாடம் நடத்துகிற குரலில் ஆரம்பித்தாள். ‘நான்’ என்பதற்கு மேல் வரவில்லை. மைதானத்தின் அந்தக் கோடி வரை போகிற குரல் அப்படியே நின்றுவிட்டது.

“மெதுவா” என்றாள் மகள்.

“நீ சும்மா இரு. எனக்குத் தெரியும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நேராகக் கேமராவைப் பார்த்தாள். “நான் இவளோட அம்மா. இதுல கத்துறது நான்தான். இவளைப் பயமுறுத்தச் சொன்னதும் நான்தான். நான் சொன்னது எல்லாம் நெசம், ஒண்ணையும் வெட்ட வேணாம். பொண்ணு நல்லாப் படம் எடுப்பா. எடுத்துக்கோங்க.”

மகள் கேமராவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை. தோள் மட்டும் குலுங்குவது தெரிந்தது.

“அடியே, பதிவாச்சா இல்லையா பாரு” என்றாள் டீச்சர். “இன்னொரு தடவை என்னால சொல்ல முடியாது.”